எண்ணூர் வரை ஓர் ஒத்திகை

சென்ட்ரலுக்குள் நுழையும் முன் பேசின் பிரிட்ஜில் ரயில் நிற்கும். எதற்கு நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவோரம் நெருக்கியடித்து நின்றபடி யார்டில் துருப்பிடித்துக் கிடக்கும் வேகன்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறும் அப்படித்தான் நின்றது. நான் அரக்கோணத்தில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

தண்டவாளத்துக்குக் கீழே ஒரு தெரு. அதில் ஓர் ஆள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முதுகில் பறை தொங்கியது. பின்னால் வியாசர்பாடிப் பக்கம் எங்கேயோ வேறு ஒரு பறை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி நகர ஆரம்பித்தபோது அவரும் நாங்களும் ஒரே வேகத்தில் போனோம். அவர் அந்தத் தூரத்து அடிக்குச் சரியாக சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். முப்பது விநாடிகூட இருக்காது. அதற்குள் என் தலையில் முழுத் திட்டமும் வந்து உட்கார்ந்துவிட்டது. ரயிலில் சைக்கிளை ஏற்று, இறங்கி மிதி, பாட்டோ மேளமோ இருக்கிற இடத்தில் நின்று கேள், மறுபடி ரயில் ஏறு. இதைவிட நல்ல விடுமுறை எது?

வீட்டுக்கு வந்ததும் கல்லூரித் தோழிகள் நால்வருக்கும் செய்தி அனுப்பினேன். ஆடி மூன்றாவது வாரம், மூன்று நாள். முதல் நாள் ராயபுரத்தில் கானா, மாலையில் திருவொற்றியூர்க் கோயில் நாகசுரம். இரண்டாம் நாள் எண்ணூரில், நால்வரில் ஒருத்தியான தேவியின் குப்பத்தில் ஆடிக் கூழும் பறையும். மூன்றாம் நாள் ரயிலேறி ஆந்திராவுக்குள் கூடூரில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே கடல் வரை மிதித்து, மீனவ ஊர்களில் பஜனைப் பாட்டு. கடலோரத்து ஊர்களை ஒன்று விடாமல் கைப்பேசி வரைபடத்தில் குறித்தும் வைத்தேன். தோழிகள் இதயம் இதயமாக அனுப்பினார்கள். யாரும் சைக்கிளுக்குக் காற்றடிக்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான். நான் ஆரம்பித்துவைத்தால்தான் அவர்கள் நகர்வார்கள்.

அடுத்த ஞாயிறு வியாசர்பாடிக்குப் போய், பறை அடிப்பவர்களிடம் விசாரித்து அந்தச் சைக்கிள்காரரைக் கண்டுபிடித்தேன். பெயர் ராஜேந்திரன். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மணலியில் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் வேலை, சனி ஞாயிறுகளில் பறை. கூட மூன்று பேர். வீட்டுச் சுவரில் புத்தர் படம் மாட்டியிருந்தது.

“ஆடி மாசம் அம்மன் கோயிலுக்கும் அடிப்பீங்களாண்ணா?”

“சாமி நமக்கு இல்லமா. அடி நம்மளுது. கூப்ட்டா போறதுதான். சாமிக்கும் நாங்கதான், சாவுக்கும் நாங்கதான். அடி மட்டும் வேற வேற.”

ராயபுரத்துக் கானாப் பாடகர் போனிலேயே என்னைக் கலாய்த்துவிட்டார். “எந்த தேதிமா?” என்றார். சொன்னேன். “அன்னிக்கு ஆரு சாவறாங்க?” என்றார். நான் முழித்தேன். “மேடைல பாட்றவங்க நெறைய கீறாங்க, அவங்கள கூப்டு. நான் சாவு வூட்டாண்ட பாட்றவன். செத்தவன் பேரு, பொஞ்சாதி பேரு, புள்ளைங்க பேரு ஒண்ணும் தெரியாம இன்னாத்த கட்றது?” அப்போது சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தேன்.

தோழிகளை இழுத்துக்கொண்டு போவதற்கு முன் நான் மட்டும் ஒரு முறை போய்ப் பார்ப்பது, எங்கே டீ, எங்கே பஞ்சர் கடை, எந்த வண்டியில் சைக்கிள் ஏறும் என்று தெரிந்துகொள்வது என முடிவு செய்தேன். நாள், நேற்றைய சனிக்கிழமை. ராஜேந்திரன் அண்ணனிடம் பதினொன்றரை வாக்கில் குப்பத்து முனைக்கு வந்து காத்திருக்கச் சொல்லியிருந்தேன். தேவியிடம் மட்டும் மேளம் வருவதைச் சொல்லவில்லை. அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் முன்பு அவள்தான், “ஆடிக்கு வா நித்யா, எங்க அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க” என்று கூப்பிட்டிருந்தாள். இந்த வாரம் நான் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் இல்லை. திருவிழா வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காலை ஆறு மணி, ராயபுரம்.

கொளத்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் மிதித்து ராயபுரம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தேன். உயரமான தூண்களோடு பழைய கட்டடம் தனியாக நிற்கிறது. ஆளில்லை. ஒரு நாய் படியில் படுத்திருந்தது. வெளியே கடையில் டீ பதினைந்து ரூபாய். வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பக்கம்போல இருந்தது. மழையும் வராது, வெயிலும் வராது என்கிற மாதிரி ஒரு மூட்டம்.

காசிமேடு தாண்டும்வரை ஐஸ் தண்ணீரும் மீன் வாடையும் டயரில் ஒட்டிக்கொண்டு வந்தன. துறைமுகத்து வாசலில் இன்னொரு டீ குடித்தேன். கடைக்காரர் என் ஹெல்மெட்டைப் பார்த்து, “இன்னாமா, ரேசா?” என்றார்.

“இல்லண்ணா, எண்ணூர் வரைக்கும்.”

“எண்ணூரா? அங்க ஒரு படகு வரலன்னு பேசிக்கினாங்க. பாத்துப் போ, லாரிக்காரன் வுட்டு ஆட்டுவான்.”

படகு வராததற்கும் லாரிக்கும் அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நானும் கடற்கரைச் செய்திகளில் ஒன்று என்று கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் வருவது எண்ணூர் விரைவுச் சாலை. சைக்கிள் விடுமுறை என்று தலைப்புப் போட்டுக் கனவு காணும் தோழிகளுக்காக உண்மையை எழுதுகிறேன்: இந்தச் சாலை சைக்கிளுக்கானது அல்ல. இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டுநர்கள் அடியில் பாய் விரித்துத் தூங்க, வரிசை கண்ணுக்கு எட்டும்வரை நிற்கிறது. வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கடல். நடுவில் ஓடுகிற லாரிகளின் காற்று சைக்கிளை ஒரு முழம் தள்ளிவைக்கிறது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் கறுப்பாக வருகிறது. காற்று மணலிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ கசக்கிறது. அந்தக் கல் குவியலுக்கும் சாலைக்கும் இடையே வீடுகள் இருக்கின்றன. வாசலில் கோலம் இருக்கிறது. தூசி விழுந்து கோலம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

எட்டரை மணி, திருவொற்றியூர்.

கோயிலில் காலைப் பூசைக்கு ஒரு நாகசுரம், ஒரு தவில். கேட்டவர்கள் நானும், விளக்கு விற்கிற அம்மாவும், தூணில் சாய்ந்து தூங்கிய ஒருவரும். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்ததும் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு, மெட்ரோவைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தோடு அவர்கள் போய்விட்டார்கள். நான் மட்டும் கைப்பேசியில் பதிந்ததைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பின்னால் முழுக்க லாரி ஹாரன்.

ஒன்பதே முக்காலுக்கு எண்ணூர்ப் பக்கம் போகிற ஒரு வண்டி. டிக்கெட் ஐந்து ரூபாய். சைக்கிளுக்கு என்ன செய்வது என்று கவுண்டரில் கேட்டேன். அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கூட்டம் இல்லாம இருந்தா வெண்டர் பெட்டில ஏத்திக்க, யாராச்சும் கேட்டா எறங்கிடு” என்றார். வெண்டர் பெட்டி என்பது கூடைக்காரர்களுக்கு. பலகை இருக்கை சுவரோரம் மட்டும்தான். தரை முழுக்க அன்னக்கூடைகள், ஐஸ் பெட்டிகள், பூ மூட்டை. மீன் விற்று முடித்துத் திரும்பும் பெண்கள் நாலைந்து பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏ பாப்பா, சைக்கிள அப்டி ஓரமா சாய். கால்ல வுட்டுடாத” என்றார் ஒருவர். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. “எங்க, வேலைக்கா?”

“சும்மா சுத்திப் பாக்கத்தாங்க்கா.”

“எண்ணூர்ல சுத்திப் பாக்க இன்னா கீது? சிமினி கீது. அண்ணாந்து பாத்துட்டு வா.” மற்றவர்கள் சிரித்தார்கள்.

“அங்க குப்பத்துல ஆடித் திருவிழா பாக்கலாம்னு.”

சிரிப்பு நின்றுவிட்டது. கன்னியம்மா வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பிவிட்டுத் திரும்பினார்.

“எந்தக் குப்பம்?”

சொன்னேன். அதன் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று பிறகு குப்பத்துக்காரர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

“அந்தக் குப்பத்துல திருவிழா இல்லமா இப்ப. செவ்வாக்கெழம சாயந்தரம் கெளம்பின படகு, புதன் காலைல கர வந்து சேரணும். இன்னிக்கு வரைக்கும் வரல. மூணு பேரு. நம்ம வேலு படகு.”

“வேலுன்னா, தேவியோட அண்ணனா?”

“தேவிய தெரியுமா உனுக்கு? கணக்கு ஆபீசுக்குப் போறாளே, அந்தப் பொண்ணு?” என்றவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “அப்ப நீ அங்கதான் போவணும். போ. ஆனா திருவிழான்னு சொல்லிக்கினு போவாத.”

வேலு அண்ணனை எனக்குத் தெரியும். தேவிக்குக் கல்லூரியில் பரிசு கொடுத்த அன்று ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வறுத்த நெத்திலியோடு வந்து, எங்கள் வகுப்புக்கே பங்கு வைத்தவர். தேவிக்குப் போன் செய்தேன். நான்காவது முறை எடுத்தாள். “வா” என்று மட்டும் சொன்னாள். கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கும்வரை என் மனத்தில் வேறெதுவும் இல்லை. பதினொன்றரைக்கு யார் யார் எங்கே வரப்போகிறார்கள் என்பது அடியோடு மறந்துபோயிற்று.

பத்தரை மணி, குப்பம்.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு இரண்டு கிலோமீட்டருக்குக் குறைவு. குப்பத்து முனையில் அம்மன் கோயிலுக்குச் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். எரியவில்லை. வேப்பிலைத் தோரணம் சருகாகிவிட்டது. கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒலிபெருக்கிக் குழாய்க்குச் சாக்கு சுற்றியிருந்தது. ஒரு வீட்டிலும் டிவி சத்தம் இல்லை. சைக்கிள் மணியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

தேவி வாசலில் நின்றாள். உள்ளே அவள் அண்ணி செல்வி, வேலு அண்ணனின் மனைவி, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். செல்விக்கு எங்களைவிட ஐந்தாறு வயதுதான் கூடும். மடியில் கைப்பேசி, அதிலிருந்து சார்ஜர் வயர் சுவருக்குப் போனது. என்னைப் பார்த்து, “சாப்டியாமா?” என்றார். பிறகு மறுபடி கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டுத் தேவிதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். எஞ்சின் நின்றிருக்கவேண்டும். இந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். புதன்கிழமை மதியமே குப்பத்துப் படகுகள் தேடப் போய்விட்டன, ஆண்கள் பெரும்பாலும் கடலில்தான் இருக்கிறார்கள். மீன்வளத் துறை, கடலோரக் காவல் ஆபீசுகளுக்கும் மனு கொடுத்தாயிற்று. நேற்று பழவேற்காட்டுக்கு வடக்கே ஒரு ஐஸ் பெட்டி கரை ஒதுங்கியிருக்கிறது. மூடியில் சிவப்புப் பெயின்டில் வேலு என்று எழுதியது.

“அதுக்கு மேல வடக்கால படகுங்க போக முடியல நித்யா. ராக்கெட் விடுற தீவு வந்துடுது. அந்தப் பக்கம் நெருங்கக் கூடாது. வெளிய சுத்திப் போகணும்னா டீசல் பத்தல. இன்னிக்குத் திரும்பி வந்து டீசல் ஊத்திகினுதான் போகணும்.”

“அந்தப் பக்கம் ஊர் எதுவும் இல்லயா?”

“இருக்கும். ஆரு போயி கேக்கறது? போன் நம்பர் கூடத் தெரியாது.”

அப்போதுதான் அது கேட்டது.

ஓர் அடி. சற்று விட்டு, இரண்டு.

எனக்கு அது என்ன என்று புரிய ஒரு விநாடி ஆயிற்று. செல்விக்கு ஆகவில்லை. மடியிலிருந்த கைப்பேசி தரையில் விழுந்தது. அவர் என்னைத் தாண்டி, தேவியைத் தாண்டி, வாசலைத் தாண்டிவிட்டார். அடுத்தடுத்த வீட்டுக் கதவுகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையில் மாவு. ஒருத்தி இடுப்பில் குழந்தை. பறைச் சத்தம் வந்தது மேற்கே, சாலைப் பக்கமிருந்து. எல்லாரும் ஓடியதோ கிழக்கே, கடலுக்கு. அந்தக் குப்பத்தில், படகு வராத நாளில், அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான். ஏதோ கரைக்கு வந்துவிட்டது.

நானும் பின்னால் ஓடினேன். கருங்கற்கள் மேல் ஏறி, வரிசையாக நின்று, அலையைப் பார்த்தார்கள். நுரை கறுப்பாக வந்து கல்லில் மோதித் திரும்பியது. பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒரு கிழிந்த வலைத் துண்டு. வேறொன்றும் இல்லை. செல்வி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இறங்கிக்கொண்டே இருந்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது தேவி பிடித்து நிறுத்தினாள்.

“ஒண்ணும் இல்ல அண்ணி. ஒண்ணும் வரல. பாரு, ஒண்ணும் இல்ல.”

ஒன்றும் வராதது நல்ல செய்தியா என்று அந்த முகங்களைப் பார்த்தால் சொல்ல முடியாது.

ராஜேந்திரன் அண்ணனும் ஓடிவந்தார், தோளில் பறையோடு. ஜனங்கள் ஓடுவதைப் பார்த்து யாரோ கடலில் விழுந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். “இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மாவுக் கையோடு நின்ற பெண்தான் திரும்பினாள்.

“நீதான்யா ஆச்சி. ஆரு உன்ன வரச்சொன்னது? ஆரு வூட்ல பொணம் வுழுந்துச்சின்னு அடிச்ச?”

“நான் அடிக்கவே இல்லமா. ஈரக்காத்து, தோலு தொங்கிப் போச்சி. முனையாண்ட பேப்பர கொளுத்தி காட்டிட்டு, ஏறிச்சான்னு தட்டிப் பாத்தேன்.”

“அவரை நான்தாங்க்கா வரச்சொன்னேன்” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹெல்மெட் இன்னும் என் தலையில் இருந்தது.

“நீ ஆரு?”

“தேவியோட ஃபிரண்டு.”

“இன்னாத்துக்கு வரச்சொன்ன?”

திருவிழா, விடுமுறை, வீடியோ. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “படகு வராதது தெரியாம சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியாதாம். டூர் வந்துகீது. எங்க வூட்டு எழவ சுத்திப் பாக்க டூர்” என்று அவள் மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். தேவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ராஜேந்திரன் அண்ணன் அங்கேயே நின்றார். பிறகு பக்கத்துத் தெருக்குழாயடியில் இருந்த குடத்தில் கை விட்டுத் தண்ணீரை அள்ளிப் பறையின் தோலில் விட்டார். உள்ளங்கையால் விளிம்பு வரை தேய்த்தார். பறைக்குச் சூடு காட்டினால்தான் தோல் விறைத்துக் குரல் எழும்பும். ஈரம் பட்டால் செத்துப்போகும். முனையில் நின்ற மற்ற மூவரையும் கூப்பிட்டு அவர்களுடையதையும் நனைத்தார். ஒருவர், “தோல ஒட்டின பசை வுட்டுட போவுது மாமு” என்று முனகினார். “வுட்டா வுடட்டும்” என்றார். மூவரும் ரயிலுக்குத் திரும்பினார்கள். அவர் மட்டும் போகவில்லை. செல்வி உட்கார்ந்திருந்த கல்லுக்கு நாலடி தள்ளி நின்று, “தப்பா பூட்ச்சிமா. இப்ப இதுல சத்தம் வராது” என்றார்.

செல்வி நிமிர்ந்தார். “தட்டு, பாப்போம்.”

அவர் தயங்கித் தட்டினார். பொத்தென்று ஈரத் துணியில் அடித்த மாதிரி ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பவில்லை. செல்வி அவர்களைப் பார்த்தார், பறையைப் பார்த்தார், குப்பத்தின் திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நான் நாலு நாளா வூடு வூடா போயி கதவ தட்றேன், ஆந்திராவுல ஆரையாச்சும் தெரியுமான்னு. ஒரு வூடு தொறக்கும், ஒரு வூடு தொறக்காது. நீ மூணு தட்டு தட்டின. அத்தன பேரும் வெளிய வந்துட்டாங்க.”

கல்லிலிருந்து எழுந்து ராஜேந்திரன் அண்ணன் பக்கம் வந்தார்.

“அங்க போயி அடிச்சா அங்கயும் வருவாங்கல்ல?”

“எங்கமா?”

“ராக்கெட் தீவுக்கு அந்தாண்ட. எனக்குத் தெலுங்கு வரும், எங்கம்மா வூடு பழவேற்காடுதான். ஜனங்கள கூட்டிட்டீன்னா நான் கேட்டுடுவேன். படகு பாத்தீங்களா, ஆளு பாத்தீங்களான்னு.”

தேவி என் பக்கம் திரும்பினாள். “நித்யா, கூடூர்ல இறங்கிக் கடல் வரைக்கும் ஊருங்கள குறிச்சு வெச்சேன்னு ஒரு படம் அனுப்பினியே.”

கைப்பேசியை எடுத்தேன். நான் பஜனைக்காக வைத்த பச்சைப் புள்ளிகள் வாகாடு, துர்கராஜபட்டினம், தூபிலிபாளையம் என்று கடலோரமாக இறங்கிக்கொண்டிருந்தன. இடையில் உப்பங்கழிகளும் உப்புத் தரையும். வேனில் போனால் ஒவ்வொரு ஊருக்கும் மெயின் ரோட்டுக்குத் திரும்பி வந்து மறுபடி உள்ளே போகவேண்டும். கரையோர மண் பாதையில் சைக்கிள் போகும். நான் அப்படித்தான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த பாதை.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கு வேலை இல்ல” என்றார் ராஜேந்திரன் அண்ணன். “ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். கூலிக்கு வரமாட்டேன். தண்டோரா போட்றதுக்கும் வரமாட்டேன், அத்த எங்கப்பாவே ஒதறிட்டாரு. ஆளத் தேட வரேன்.”

“ஆளத் தேடத்தான் கூப்பிட்றேன்” என்றார் செல்வி.

மாலை நான்கு மணி, இன்னும் குப்பத்தில்.

வீட்டுக்குப் பின்னால் செல்வியின் சைக்கிள் கிடந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. உப்புக் காற்றில் செயின் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தேய்த்து, என்னிடமிருந்த ட்யூபைப் போட்டு உருட்டிப் பார்த்தோம். பின் பிரேக் பிடிக்கவில்லை. “கால வெச்சு நிறுத்திக்கறேன்” என்றார். தேவி வீட்டிலேயே இருப்பாள். அம்மாவையும் போனையும் யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும். கடலுக்குப் போன இரண்டு படகுகள் மூன்று மணிக்குக் கரை வந்தன. ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதிலிருந்தவர்கள் டீசல் கேனோடு போனார்கள்.

மற்ற தோழிகளுக்கு நிலைமையைச் சொன்னேன். வருத்தம் தெரிவித்தார்கள். அப்போ பயணம் எப்போது என்று ஒருத்தி கேட்டாள். கைப்பேசியைப் பையில் போட்டேன். எங்கள் கொளத்தூர்த் தெருவில் பறைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவோம். யார் வீடு என்றுகூடக் கேட்பதில்லை. ட்ராஃபிக் எந்தப் பக்கம் நிற்கும் என்று கணக்குப் போட்டு வேறு வழியில் ஆபீஸ் போவோம். நான் வடக்கே இசை கேட்கப் போகிறேன் என்று கிளம்பிய ஊர் அதுதான்.

ராஜேந்திரன் அண்ணன் கருங்கல் மேல் உட்கார்ந்து, நனைந்த பறையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், “என்னண்ணா பண்றீங்க?” என்றேன்.

“எத்த அடிக்கறதுன்னு பாக்கறேன். சாவு அடி அடிச்சா அங்க கீறவங்களும் இப்டித்தான் கடலுக்கு ஓடுவாங்க. அவங்க வூட்லயும் ஆரோ கடலுக்குப் போயிருப்பாங்கல்ல. சாமி அடி அடிச்சா ஆடிக்கினு வருவாங்க, அப்பால இந்தப் பொண்ணு போயி அவங்க முன்னால அழுவணும். தண்டோரா அடிச்சா புயல்னு நெனச்சி படக மேல ஏத்துவாங்க.”

செல்வி பக்கத்திலேயே பிரேக்கைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் அண்ணன் ஒன்று தட்டினார். மந்தமாகத்தான் கேட்டது.

“அது வேணாம்” என்றார் செல்வி. “அது தூக்கறப்ப அடிக்கறது.”

இன்னொன்று.

“அது கல்யாணம்.”

அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார்.

இதை எழுதிக்கொண்டிருப்பது ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் ஸ்டேஷன் பெஞ்சில், விடியும் முன். சூலூர்பேட்டை வரை ஒரு வண்டி, அங்கே மாறி இன்னொன்று. கூடூர் டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். சைக்கிளை ஏற்றவிடுவார்களா என்று தெரியாது. விடாவிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது என்று செல்வியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். செல்வி பெஞ்சின் மறுமுனையில், முந்தானையில் கைப்பேசியை முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். வியாசர்பாடியிலிருந்து இருட்டோடு மிதித்து வந்த ராஜேந்திரன் அண்ணன், இரவெல்லாம் அடுப்போரம் காயவைத்த பறையைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டியிருக்கிறார். அவர் விரல்கள் சைக்கிள் சீட்டின் மேல் எதையோ தட்டிப் பார்க்கின்றன, நிற்கின்றன, மாற்றித் தட்டுகின்றன. சாவுக்கும் இல்லாமல் சாமிக்கும் இல்லாமல், கேட்டவர்கள் பயப்படாமல் எழுந்து வந்து நிற்கிற மாதிரி ஓர் அடி வேண்டும். இன்னும் கிடைக்கவில்லை. முதல் ஊரான வாகாடு போய்ச் சேர்வதற்குள் கிடைத்தாக வேண்டும்.